கவிதாவின் விமானத்தில் ஏறுமுன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கவிதா தனியார் விமானி உரிமம் வாங்கிவிட்டாள் என்று படித்ததும் சரோஜாவைக் கூப்பிட்டு மறுபடியும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தேக்கா சந்தையில் உன் தோளில் உட்கார்ந்து மாங்காய் கேட்டு அழுத பிள்ளை, இன்று பெர்த்தில் விமானம் ஓட்டுகிறாள். எங்கள் இருவரின் ஆசீர்வாதத்தையும் சொல்.

இங்கே எல்லோரும் நலம். சரோஜாவின் முழங்கால் வலி பரவாயில்லை. விமானம் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நான் சிலேத்தார் விமான நிலையப் பக்கம் போவதை விடவில்லை. காலையில் ஜாலான் காயுவில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு, இளையர் பறக்கும் மன்றத்துப் பிள்ளைகள் ஏறி இறங்குவதை வேலிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அடுத்த மாதம் ஆல்பனியில் உன் தங்கை மகன் நிச்சயதார்த்தம், கவிதா உங்களை விமானத்தில் அழைத்துப் போகிறேன் என்கிறாள், போகலாமா, இந்தச் சின்ன விமானங்கள் ஏன் விழுகின்றன என்று எழுதியிருந்தாய். தாராளமாகப் போகலாம். ஆனால் காரணங்களைத் தெரிந்துகொண்டு போ, ஏனென்றால் அதில் ஒன்று உன் கையில் இருக்கிறது.

எல்லோரும் முதலில் என்ஜினைத்தான் சந்தேகிப்பார்கள். என்ஜின் நிற்பதுண்டு. ஆனால் நின்றால் விமானம் கல்லைப் போல விழாது. சாதாரண செஸ்னா 172 விமானம் ஆயிரம் அடி உயரத்திலிருந்து என்ஜின் இல்லாமலே இரண்டரை கிலோமீட்டர் மிதந்து போகும். உலகிலேயே சின்ன விமானங்கள் அதிகம் உள்ள அமெரிக்காவில், விபத்துகளில் ஏறத்தாழ முக்கால் பங்கை விமானியின் கணக்கில்தான் எழுதுகிறார்கள். என்ஜின் நின்றது என்று வரும் செய்திகளிலும் பல, பெட்ரோல் தீர்ந்ததாகவோ டாங்கில் இருந்தும் என்ஜினுக்குப் போய்ச் சேராததாகவோதான் இருக்கும். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிபோர்னியாவில் கடலில் விழுந்து இறந்தது அப்படித்தான். அவர் புதிதாக வாங்கியிருந்த அந்த விமானத்தில், எந்த டாங்கிலிருந்து பெட்ரோல் எடுப்பது என்று மாற்றும் பிடி விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. புறப்படும் முன் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளவும் இல்லை. ஒரு டாங்க் வற்றியதும் பிடியைத் திருப்பத் திரும்பியிருக்கிறார், அந்த முயற்சியில் வலது கால் சுக்கான் மிதியை அழுத்தி, விமானம் கட்டுப்பாட்டை இழந்திருக்க வேண்டும் என்பது விசாரணையில் தெரிய வந்தது.

ஹேங்கரில் நான் கண்ணால் பார்த்த எதிரி தண்ணீர்தான். பாதி நிரம்பிய டாங்கோடு ராத்திரி முழுக்க வெளியே நின்ற விமானம், இறக்கையின் மேல் இருக்கும் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும், விடியற்காலை மழை வேறு. காலையில் இறக்கைக்கு அடியில் குந்தி, கண்ணாடி போன்ற சின்னக் குவளையில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். விமான பெட்ரோல் இளநீலமாக இருக்கும். அடியில் நிறமில்லாமல் ஒரு கொட்டை அளவு உருண்டு நின்றால் அது தண்ணீர். சுத்தமான நீலம் வரும்வரை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முழுக் குவளையும் தண்ணீராகவே வந்தால் பிரிகோடு தெரியாது, அப்போது நிறத்தையும் வாசனையையும் பார்க்க வேண்டும். கவிதா இதைச் செய்யும்போது நீ கடிகாரத்தைப் பார்க்காதே.

இன்னொன்று யாரும் நம்ப மாட்டார்கள். முப்பது டிகிரி வெயிலில் என்ஜினுக்குள் பனிக்கட்டி பிடிக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ள பழைய என்ஜின்களில், பெட்ரோல் ஆவியாகும் இடத்தில் காற்று இருபது முப்பது டிகிரி குளிர்ந்துவிடும். நம்மூர் ஈரக்காற்றில் அது போதும், உட்சுவரில் பனி படர்ந்து காற்றுவழி அடைபடும். சத்தமில்லாமல் என்ஜினின் சுற்று குறைந்துகொண்டே வரும். சூடான காற்றைத் திறந்துவிட ஒரு பிடி உண்டு. அதை இழுத்ததும் உருகிய தண்ணீர் என்ஜினுக்குள் போய் அது இருமும், குலுங்கும். பழக்கமில்லாதவர்கள் பயந்துபோய்ப் பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து. இருமட்டும் என்று பொறுத்திருக்க வேண்டும்.

அப்புறம் தரையிறங்கும் முன் எடுக்கும் கடைசித் திருப்பம். ஓடுபாதையைக் கொஞ்சம் தாண்டிவிட்டோம் என்று தெரிந்ததும் மெதுவாகப் போகும் விமானத்தைச் சாய்த்து வளைத்துப் பிடிக்கப் பார்ப்பார்கள். 60 டிகிரி சாய்வில் உயரம் இழக்காமல் திரும்பினால் இறக்கை இரண்டு மடங்கு பாரம் தாங்க வேண்டும், அதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகமும் நாற்பது சதவீதம் கூடிவிடும். அந்த வேகம் இல்லையென்றால் இறக்கையால் விமானத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது. இதைத்தான் ஸ்டால் என்பார்கள். மேலே நடந்தால் மீளலாம், ஐந்நூறு அடியில் மீள இடமில்லை. இறங்காமல் இன்னொரு சுற்று போவது அவமானம் என்று நினைக்காத விமானிதான் எனக்குப் பிடித்த விமானி.

மலேசியாவில் நடந்த ஷா ஆலம் எல்மினா விபத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். 2023 ஆகஸ்டில் லங்காவியிலிருந்து சுபாங் வந்த அந்தச் சின்ன ஜெட்டில் எட்டுப் பேர், சாலையில் இரண்டு பேர், மொத்தம் பத்து உயிர். தரையைத் தொட்ட பிறகு மட்டுமே தூக்க வேண்டிய இறக்கைத் தகடுகளை, இறங்குவதற்கான சரிபார்ப்பின்போது வானத்திலேயே தவறுதலாகத் தூக்கிவிட்டார்கள் என்று இறுதி அறிக்கை சொன்னது. அந்தச் சாலை வழியாக உன் மச்சினர் தினமும் வேலைக்குப் போனவர் ஆயிற்றே, நினைத்தாலே பதறுகிறது. பழகின விமானத்திலேயே போகச் சொல். வாடகைக்கு வேறு மாடல் கிடைத்தது என்று சந்தோஷப்பட வேண்டாம்.

ஆனால் சேகர், இத்தனையையும்விட எனக்கு அதிகம் பயம் வானிலைதான். நல்ல விமானம், நல்ல என்ஜின், கெட்டிக்காரப் பிள்ளை, மூன்றும் இருந்தும் மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் போச்சு. 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவியை மட்டும் பார்த்து ஓட்டப் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். வெளியே பார்க்க முடியாதபடி மறைத்ததும் இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக எத்தனை நேரத்தில் தெரியுமா? 178 விநாடி. மூன்று நிமிஷம்கூட இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும், உடம்பு நேராகத்தான் போகிறோம் என்று சாதிக்கும். நம்மூரில் 2013 ஜூனில் காற்றுத் தரக் குறியீடு 401-க்குப் போன புகைமூட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். கடல் எது, வானம் எது என்று தெரியாத அந்த மாதிரி நாளில் மேகமே இல்லாமலும் இது நடக்கும்.

ஜான் கென்னடியின் மகனுக்கு அதுதான் நடந்தது. 1999 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. உறவுப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போகிற வழி. மனைவியும் மனைவியின் அக்காவும் கூட இருந்தார்கள். புறப்படத் தாமதமாகி இருட்டிவிட்டது. கடலின் மேல் மங்கல், நிலாவெளிச்சம் போதாது, கருவியை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி அவருக்கு இல்லை. மூவரும் கடலில் போனார்கள். சிக்கலான இயந்திரக் கோளாறு ஒன்றும் இல்லை. நாளைக்குக் காலையில் போகலாம் என்று யாராவது சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும்.

பெரிய விமானத்தில் அப்படிச் சொல்ல ஒரு கம்பெனியே இருக்கிறது. கவிதாவுக்கு யார் இருக்கிறார்கள்? நீதான். ஆனால் நம் வீடுகளில் நாம் செய்வது நேர் எதிராக இருக்கும். "எங்கே வந்துட்டிருக்கீங்க, பொண்ணு வீட்டார் வந்துட்டாங்க, தாம்பூலம் மாத்தணும்" என்று நாலு பேர் போன் அடிப்பார்கள். அந்த ஒவ்வொரு போனும் ஒரு இளம் விமானியின் கையைப் பிடித்து மேகத்துக்குள் இழுக்கும். நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் தங்கையிடம் இப்போதே, நாங்கள் வந்தால் வருவோம், எங்களுக்காக எதையும் நிறுத்தி வைக்காதே என்று சொல்லிவிடு. காரில் பெட்ரோல் போட்டுத் தயாராக வை, ஆல்பனிக்கு ஐந்து மணி நேரத்துக்குள் சாலையிலேயே போய்விடலாம். எந்த நேரத்துக்குள் வானம் தெளியாவிட்டால் காரில் ஏறுவது என்று முதல் நாள் ராத்திரியே கவிதாவோடு பேசி முடிவு செய். திரும்பி வரும்போதும் அப்படியே. மறுநாள் உனக்கு வேலை இருக்கிறது என்பதை அவள் காதில் போடாதே.

சாமான் விஷயம் வேறு. நாலு இருக்கை என்றால் நாலு பேரும், நிறைந்த டாங்கும், பெட்டிகளும் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை, எடை வரம்பைத் தாண்டிவிடும். அவள் உன் எடையைக் கேட்டால் இருப்பதைச் சொல், ஐந்து கிலோ குறைக்காதே. சீர்த்தட்டு, பழக்கூடை, பட்டுப்புடவைப் பெட்டி எல்லாம் காரில் வருகிறவர்களிடம் முன்கூட்டியே கொடுத்தனுப்பு. லட்சுமி கேட்க மாட்டாள், நான் சொன்னதாகச் சொல்.

தீபாவளிக்கு நீங்கள் இங்கே வருகிறீர்களா என்று எழுதவே இல்லையே? வந்தால் கவிதாவையும் அழைத்து வா, சிலேத்தார் பக்கம் கூட்டிப் போகிறேன். அதற்கு முன் ஆல்பனிக்கு அவள் எடுக்கப் போவது எந்த விமானம், எந்த வருஷத்து மாடல், கார்புரேட்டரா இன்ஜெக்ஷனா என்று கேட்டு எழுது. அந்த வகையில் எந்தெந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தனியாக எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜு

சிங்கப்பூர்