வில்லுக்கத்தி விடயமாக மகனுக்கு

திருக்கடலூர்,
திருகோணமலை.

அன்பு மகனுக்கு,

ஆவணியில் வரும்போது வில்லுக்கத்தியில் பிரெஞ்சு ஓப்பினெல் வாங்கி வரவா, சுவிஸ் விக்டோரினொக்ஸ் வாங்கி வரவா என்று கேட்டிருந்தாய். உனக்கும் எனக்கும் ஒரேமாதிரி வாங்கப்போகிறாயாம். வேண்டாம் தம்பி. உனக்கு விக்டோரினொக்ஸ், எனக்கு ஓப்பினெல்.

நீ இருப்பது லண்டன். அங்கே தகுந்த காரணம் இல்லாமல் சட்டைப்பையில் கொண்டு திரிவதென்றால், மடிக்கும் கத்தியாக இருக்கவேண்டும். வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. விரித்தபின் பூட்டிக்கொள்ளவும் கூடாது. ஓப்பினெல் 8ஆம் இலக்கத்தின் அலகு எட்டரை சென்ரிமீற்றர், 3 அங்குலத்துக்கு மேல். கழுத்து வளையத்தைத் திருப்பினால் பூட்டும் விழும். பொலிஸ் மறித்தால் நீதான் பதில் சொல்லவேண்டும், அந்த நினைப்பே எனக்கு நித்திரையைக் கெடுக்கும். விக்டோரினொக்ஸில் ஸ்பார்ட்டன் என்ற வகையை வாங்கு, அதில் பூட்டு இல்லை. அதே கம்பனியின், மடித்தால் 111 மில்லிமீற்றர் நீளமுள்ள கத்திகளில் பூட்டுள்ளவையும் உண்டு, பார்த்து எடு.

பெரியப்பா சுவிஸிலிருந்து முதல் தடவை வந்தபோது எனக்குத் தந்தது வெங்கர் கம்பனியின் கத்தி. உன் மாமாவிடம் இருந்தது விக்டோரினொக்ஸ். இரண்டும் சிவப்பு, இரண்டிலும் வெள்ளைச் சிலுவை. மாமாவின் சிலுவையைச் சுற்றிக் கேடயம், என்னுடையதைச் சுற்றி முனை மழுங்கிய சதுரம். தன்னுடையது கார்ல் எல்செனர் 1884இல் தொடங்கிய பட்டறையின் பரம்பரை என்று மாமா பெருமை பேசுவார். சுவிஸ் இராணுவம் இரண்டு கம்பனியிடமும்தானே வாங்கியது என்பேன் நான். மடித்தால் என்னுடையது 85 மில்லிமீற்றர், அவருடையது 91. அந்த ஆறு மில்லிமீற்றருக்காக எத்தனை இரவு வாதாடியிருப்போம்! 2004 சுனாமி வள்ளத்தோடு என் கத்தியையும் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டே வெங்கர் கம்பனியை விக்டோரினொக்ஸ் வாங்கிவிட்டது. பிறகு கத்திகளில் அந்தப் பெயரும் இல்லாமற்போயிற்று. மாமா அதைச் சொல்லி ஒருநாளும் என்னைச் சீண்டியதில்லை. பனங்கிழங்கு கிழிக்க உட்கார்ந்தால் இன்றும் என் கை மடியில் அந்தக் கத்தியைத் தேடும்.

எனக்குப் பூட்டு வேண்டும். இடது சுட்டுவிரலில் உள்ள தழும்பு, தங்கூசி நூல் அறுக்கும்போது ஊர்பேர் தெரியாத ஒரு மலிவுக் கத்தி மடிந்து விழுந்ததால் வந்தது. ஓப்பினெல் 1890இலிருந்து வரும் கத்தி. பூட்டு வளையம் 1955இல்தான் சேர்ந்தது. எவ்வளவு எளிய வேலைப்பாடு! கடல் தொழிலுக்குப் போன காலமென்றால் நான் இதைக் கேட்டிருக்கமாட்டேன். பிடி பீச் மரம், தண்ணீர் குடித்தால் ஊதி அலகை இறுக்கிப் பிடித்துவிடும். இப்போது கரையில் இருந்து வலைதானே திருத்துகிறேன். அந்த மெல்லிய அலகு நூலுக்கும் மாங்காய்க்கும் நன்றாகப் போகும்.

காபன் உருக்கு அலகு சாணைக்கல்லில் சுகமாகத் தீட்டுப்படும், ஆனால் நம்முடைய உப்புக்காற்றுக்குக் கறள் பிடித்துவிடும். அலகில் ‘இனொக்ஸ்’, அதாவது கறள் பிடிக்காத உருக்கு, என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

இரண்டையும் விமானத்தின் அடியில் போகும் பெட்டிக்குள் வை, கைப்பையில் வைத்தால் பறித்துவிடுவார்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது என்று அம்மா இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டாள். வந்ததும் திண்ணையில் வை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா