மாலுமி கேட்டது தவறாத கடிகாரம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கடற்பயணமும் கடிகாரமும் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, நடுக்கடலில் கப்பலின் தீர்க்கரேகையை (கிழக்கு-மேற்காக அது எங்கே இருக்கிறது என்பதை) அறியக் கடிகாரம் செய்த 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஜான் ஹாரிசனுக்குப் பரிசுப் பணம் தராமல் இழுத்தடித்த கதையை விரிவாகவே சொன்னது. ஆனால் அவருடைய வேலையை 'நொடிகூடத் தவறாத கடிகாரத்தைச் செய்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஈரோட்டில் கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைப்பவன் நான். அந்த வரியைச் சும்மா விட மனம் வரவில்லை.

நொடிகூடத் தவறாத கடிகாரத்தை யாரும் செய்ததில்லை. மாலுமி கேட்டதும் அதுவல்ல. புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து, கப்பல் நிற்கும் இடத்தில் சூரியன் காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் அவன் தீர்க்கரேகையைக் கணக்கிடுவான். தினமும் மூன்று நொடி பிந்துகிறதா, பிந்தட்டும். நேற்றும் மூன்று, நாளையும் மூன்று என்றிருந்தால், புறப்பட்ட நாளிலிருந்து எண்ணிக் கூட்டிக்கொள்ளலாம். இன்று முந்தி நாளை பிந்துவதுதான் கப்பலைப் பாறையில் ஏற்றும். 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட ஹாரிசனின் நான்காவது கடிகாரமும் நாளுக்கு இரண்டரை நொடிக்குச் சற்று மேலாகப் பிந்தியதுதான். அதை ஈடுகட்டிய பிறகே 81 நாளில் சுமார் 5 நொடிப் பிழை என்ற பெயர் கிடைத்தது. பிந்தும் அளவை முன்கூட்டியே அறிவிக்கவில்லையே என்று, பரிசை முடிவு செய்யும் தீர்க்கரேகைக் குழு ஆட்சேபித்தது. அந்தக் குழுவின் மீது எனக்கும் கோபம் உண்டு; இந்த ஒரு கேள்வி மட்டும் நியாயமானது.

பிந்துவது மாறாமல் இருக்க என்ன செய்தார்? கப்பல் ஆட்டத்துக்கு ஊசல் உதவாது. ஊசலுக்குப் பதிலாக முன்னும் பின்னும் சுழலும் பேலன்ஸ் வீல் வைத்தாலோ வெப்பம் எதிரி: சூட்டில், அந்தச் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருள்வில்லான ஹேர் ஸ்பிரிங் தளர்ந்து கடிகாரம் மெதுவாகும், குளிரில் வேகமெடுக்கும். பித்தளைப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் ஒன்றாக இணைத்தார் ஹாரிசன். சூட்டில் பித்தளை கூடுதலாக நீள்வதால் பட்டை வளையும். வளைந்து, ஸ்பிரிங்கின் அசையும் நீளத்தைக் குறைக்கும். தளர்ச்சி அதில் சரியாகிவிடும். இஸ்திரிப் பெட்டியில் சூடு மிஞ்சாமல் மின்சாரத்தைத் துண்டிப்பதும் இதே இரட்டைப் பட்டைதான். சாவி கொடுக்கும் நேரத்திலும் ஓட்டம் நிற்காதிருக்கத் தனி ஏற்பாடு வைத்திருந்தார். இதற்கெல்லாம் கட்டுரையில் ஒரு பத்தியாவது தந்திருக்கலாம்.

கடலே இல்லாத கொங்கு நாட்டில் இதைப் பற்றி என்ன பேச்சு என்பவர்களுக்கு: பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. ஈரோட்டுக்கும் கோவைக்கும் இடையே ஏறக்குறைய முக்கால் பாகை. இங்கே சூரியன் உச்சிக்கு வந்து 3 நிமிடம் கழித்தே அங்கே உச்சி. நடுக்கடலில் கடிகாரம் 3 நிமிடம் பிசகினால், ஈரோட்டில் நிற்பவன் கோவையில் நிற்பதாகக் கணக்குப் போடுவதற்குச் சமம்.

ஹாரிசனுக்குப் பிறகு எல்லாக் கப்பலிலும் கடிகாரம் வந்துவிட்டது போன்ற தோற்றத்தையும் கட்டுரை தருகிறது. கேப்டன் குக் தம் இரண்டாம் பயணத்தில் எடுத்துச் சென்ற, ஹாரிசன் கடிகாரத்தின் நகலைச் செய்யவே கடிகாரக் கலைஞர் லார்கம் கெண்டலுக்கு 450 பவுண்டுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பணம் எந்த வணிகக் கப்பலிடம் இருந்தது? நிலவுக்கும் விண்மீனுக்கும் இடையிலான கோணத் தொலைவை அளந்து, 1767ஆம் ஆண்டுக்கான பதிப்பிலிருந்து வெளிவந்த கடற்பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் பலரும் வழி கண்டார்கள். அந்தப் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்த அரச வானியலாளர் மாஸ்கெலினை, உங்கள் கட்டுரையாளர் வில்லனாக மட்டுமே காட்டியிருக்கிறார்.

இப்படிக்கு,
கடிகாரம் பழுதுபார்க்கும் வாசகர், ஈரோடு.