எங்கள் அம்மா யாருக்காக அழுதார்?

செய்தித்தாள், தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நாகப்பட்டினத்தை அடுத்த அக்கரைப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கடல் கொண்டுபோனது. வருஷா வருஷம் அந்தத் தேதியில் நீங்கள் போடும் படங்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

சுனாமி என்றதும் உலகமே நினைக்கும் படம் ஒன்று உண்டு. மணலில் குப்புற விழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேலே திருப்பிக் கதறும் ஒரு பெண். இடது ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரியும். ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா டிசம்பர் 28 அன்று எடுத்தது. வேர்ல்டு பிரஸ் போட்டோவின் அந்த ஆண்டுக்கான முதல் விருதைப் பெற்றது. எடுத்த இடம் கடலூர். போன டிசம்பரில் ஒரு தொலைக்காட்சி அதைக் காட்டி 'நாகப்பட்டினம்' என்று போட்டது. கடலூர் எங்கே, நாகை எங்கே? கொள்ளிடம் தாண்டிப் போக வேண்டிய ஊர். அந்தப் படத்துக்கு முதலில் எழுதிய குறிப்பில் உறவினரை இழந்த பெண் என்றுதான் இருந்தது. தெரிந்ததை மட்டும் எழுதினார்கள். அதைக்கூட நீங்கள் அப்படியே எடுத்துப் போடக் கூடாதா?

இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் ஒரு படம் இருக்கிறது. சுனாமிக்கு மறுநாள் கரையில் பெரியம்மாவின் உடலுக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்து அழுததை யாரோ எடுத்தார்கள். பெயர் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம், சரி. ஆனால் சில வருஷம் கழித்து ஒரு நாளிதழில் அதே படம் வந்தது. கீழே, 'கணவரை இழந்து கதறும் பெண்'.

அப்பா அப்போது டீக்கடையில் இருந்தார். பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பேப்பரை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாராம். எப்படியோ அம்மாவின் காதுக்கு வந்துவிட்டது. தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் அப்பாவை வாசலில் உட்காரவைத்துச் சுற்றிப் போட்டார். தன் அக்காவுக்கு, அதாவது பெரியம்மாவுக்கு, அம்மா படையல் போட வேண்டிய நாள் அது. அன்று முழுக்க அவர் பெரியம்மாவின் பெயரையே எடுக்கவில்லை.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "பழைய படம், கோப்பில் அப்படித்தான் இருக்கு" என்றார்கள். திருத்தம் வரவில்லை. அடுத்த டிசம்பரில் அதே படம், அதே வரி.

ஐயா, அம்மா, அழுகிறவர் யார், யாருக்காக அழுகிறார், எந்த ஊர் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். தெரியவில்லை என்றால் 'உறவினரை இழந்தவர்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதே 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். ஜூலை வந்தால் அந்தத் தாய்மார்களின் முகத்துக்கு முன்னால் மைக்கை நீட்டுகிறீர்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராமல் நாற்று காயும்போது, கஜா புயலில் விழுந்த தென்னைக்கு நிவாரணம் கேட்டு அலைந்தபோது எத்தனை பேர் வந்தீர்கள்? டெல்டாக்காரர்கள் அழும்போது மட்டும்தான் உங்களுக்குத் தெரிகிறோமா? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் வாரத்தில் எங்களோடு பிணம் தூக்கிய நிருபர்களும் உண்டு. அவர்களை நாங்கள் மறக்கவில்லை.

படமே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் போடுங்கள் என்றுதான் மறுபடியும் சொல்கிறேன். இந்த டிசம்பருக்குள் கோப்பில் இருக்கும் அந்த வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். அம்மா இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். வந்து கேட்டால் அவருடைய அக்காவின் பெயரைச் சொல்வார்.