இரண்டு திரைக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

ஐடி தம்பிக்கும், கணினிக் கடை அக்காவுக்கும், இன்டர்நெட் லைன் பார்க்கும் அண்ணனுக்கும் வணக்கம்.

கோவை, சென்னை அலுவலகக் கணினிகளில், அவற்றை வீட்டிலிருந்தே இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, லேப்டாப்போடு இரண்டு வெளித்திரைகளை மாட்டிக் கணக்கு வேலை பார்க்கும் கோத்தகிரிக்காரர்கள் எழுதுகிறோம். நீங்கள் சொல்லிக்கொடுத்தது மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

தம்பி, நீங்கள் சொன்னது இது: ரிமோட் டெஸ்க்டாப்பின் டிஸ்ப்ளே பக்கத்தில் எல்லா மானிட்டருக்கும் டிக் போட்டால் லேப்டாப்பின் சின்னத் திரையும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். வெளித்திரை இரண்டு மட்டும் போதும் என்றால், ரன் பெட்டியில் (விண்டோஸ்-ஆர் அழுத்தினால் வரும்) ‘எம்எஸ்டிஎஸ்சி /எல்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒவ்வொரு திரைக்கும் உள்ள எண் தெரியும். இணைப்பை ஆர்டிபி கோப்பாகச் சேமித்து, நோட்பேடில் திறந்து, ‘யூஸ் மல்டிமான்:ஐ:1’ என்ற வரியையும் ‘செலக்டட்மானிட்டர்ஸ்:எஸ்:1,2’ என்ற வரியையும் சேர்க்க வேண்டும் (இவையும் ஆங்கில எழுத்தில்தான்; 1,2 என்ற இடத்தில் அந்த இரண்டு திரைக்கும் வந்த எண்கள்). முதலில் வரும் எண்தான் பிரதான திரை. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்த இரண்டும் அடுத்தடுத்து ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் லேப்டாப் திரை நின்றால் சரிப்படாது. கரண்ட் போய் வந்தாலோ, திரைகளை லேப்டாப்போடு இணைக்கும் டாக் பெட்டியைக் கழற்றி மாட்டினாலோ எண்கள் மாறிவிடலாம். நம் ஊரில் கரண்ட் போவதற்குக் கேட்கவா வேண்டும்! ‘நேத்து நல்லாத்தானே இருந்துச்சு’ என்று புலம்புவதற்கு முன் மறுபடி ‘/எல்’ போட்டுப் பாருங்கள் என்றீர்களே, அதற்குத் தனி நன்றி.

அக்கா, எழுத்து மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம் மானிட்டர் இல்லை என்று சொல்லி, புதிது விற்காமல் அனுப்பினீர்கள். எழுத்து, படங்களைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு (ஸ்கேல்) லேப்டாப்பில் 150 சதவீதமாகவும் வெளித்திரையில் 100 சதவீதமாகவும் இருந்ததுதான் கோளாறு. அளவை ஒன்றாக்கிய பிறகு இணைப்பைத் துண்டித்தால் மட்டும் போதாது, அலுவலகக் கணினியில் சைன் அவுட் செய்துவிட்டு மறுபடி நுழைய வேண்டும். பழைய கணக்கு மென்பொருள்கள் பல, உள்ளே நுழையும்போது இருந்த அளவையே பிடித்துக்கொண்டிருக்கும். காணாமல்போன விண்டோவை ஆல்ட்-டேப்பில் தேர்ந்தெடுத்து, விண்டோஸ்-ஷிஃப்ட்-இடது அம்புக்குறி அழுத்தி இழுத்து வருவதும் உங்களிடம் கற்றதுதான். ரிமோட் திரை முழுத்திரையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த விசைகள் நம் கணினியிலேயே நின்றுவிடும்.

லைன் அண்ணன், ஐப்பசி மழையில் திரை உறைந்து நின்றபோது செட்டிங்ஸை நோண்டிக்கொண்டிருந்தோம். நீங்கள் ஜன்னல் ஓரம் மடங்கிக் கிடந்த ஃபைபரைத்தான் முதலில் பார்த்தீர்கள். கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். 1920×1080 திரை இரண்டு என்றால் சுமார் 41 லட்சம் புள்ளிகள். லைன் தடுமாறினால் அங்கேதான் முதலில் தெரியும். ரிமோட் டெஸ்க்டாப்பின் எக்ஸ்பீரியன்ஸ் பக்கத்தில் வால்பேப்பர், அனிமேஷன் இரண்டையும் அணைத்ததில் மிச்சத் தொல்லையும் குறைந்தது.

நன்றியுடன்,
கோத்தகிரியில் வீட்டிலிருந்து வேலை பார்ப்போர்