சர் ஜான் ஹர்ட்டுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஜான் ஹர்ட் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் நடிகரான உங்களைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் திரைப்படங்களை வரிசையாக அடுக்கிவிட்டு, அனிமேஷன் படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் நீங்கள் தந்த குரலைக் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஏதோ திரையில் வேலை இல்லாத நாட்களில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்வந்தவர் போன்ற தோற்றம் அதில் உண்டாகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. நீங்கள் முகத்தைக் காட்டி நடித்த பெரிய வேடங்களிலும் பாதிச் சுமையைக் குரலே தாங்கியது என்பதுதான் என் எண்ணம்.

1980இல் டேவிட் லிஞ்ச் இயக்கத்தில் வந்த 'தி எலிஃபண்ட் மேன்' படத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதில் நீங்கள் நடித்தது, உருவம் கோரமாகச் சிதைந்திருந்த மெரிக் என்ற உண்மை மனிதராக. மெரிக்கின் உடலிலிருந்து எடுக்கப்பட்டு லண்டன் மருத்துவமனையில் பாதுகாக்கப்பட்டுவந்த வார்ப்புகளைப் பார்த்து ஒப்பனைக் கலைஞர் கிறிஸ்டோபர் டக்கர் உங்கள் ஒப்பனையை உருவாக்கினார். அதை உங்களுக்கு அணிவிக்கவே ஏழெட்டு மணி நேரம் பிடித்தது. அது போட்டு முடிந்த பிறகு ஒரு நடிகர் வழக்கமாக நம்பியிருக்கும் நெற்றி, புருவம், உதடு எதுவும் உங்கள் வசம் இல்லை. படத்தில் மருத்துவமனைத் தலைவர் மெரிக்கைச் சோதிக்க வருகிறார். மருத்துவர் ட்ரீவ்ஸ் சொல்லிக்கொடுத்த சில வாக்கியங்களை மெரிக் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார் என்று முடிவுகட்டித் தலைவர் வெளியேறிவிடுகிறார். அப்போது அறைக்குள்ளிருந்து பைபிளின் 23ஆம் சங்கீதம் கேட்கிறது. ட்ரீவ்ஸ் கற்றுத்தராத வரிகளுக்குள்ளும் அந்தக் குரல் தடையின்றிப் போய்க்கொண்டிருக்கிறது. மூச்சுக்குத் திணறி, எச்சில் கலந்து, ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய மரியாதையைக் கொடுத்து வரும் குரல் அது. வெளியே நின்று கேட்பவர்களில் ஒருவர் அந்தத் தலைவராக நடித்த ஜான் கீல்குட், இங்கிலாந்து மேடையின் ஆகச்சிறந்த குரல்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர்! ஆங்கிலிக்கன் பாதிரியாரின் மகனான உங்களுக்கு அந்தச் சங்கீதம் சிறுவயதிலேயே பழகியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். (ஒப்பனைக்கு அப்போது ஆஸ்கரில் நிரந்தரப் பிரிவு கிடையாது. இந்தப் படத்தின் ஒப்பனை கண்டுகொள்ளப்படாததற்கு எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அது ஏற்படுத்தப்பட்டது. உங்கள் பெயர் சிறந்த நடிகருக்கான பட்டியலில் இருந்தும் விருது வரவில்லை.)

ஆயினும் உங்கள் நடிப்பில் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1971இல் வந்த '10 ரிலிங்டன் பிளேஸ்'. மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்து, அந்தக் கொலைப்பழியையும் சுமந்து 1950இல் தூக்கிலிடப்பட்ட டிமோத்தி எவன்ஸ், சரியாக எழுதப் படிக்கத் தெரியாத வேல்ஸ் இளைஞர். கீழ்வீட்டுக்காரர் கிறிஸ்டியே தொடர் கொலைகாரர் என்பது பின்னால் வெளிப்பட்டு, 1966இல்தான் எவன்ஸுக்கு மன்னிப்பு அளிக்கப்பட்டது. ரிச்சர்ட் அட்டன்பரோ கிறிஸ்டியாக நடித்து, ஒரு மருத்துவரின் நிதானத்தோடு கிசுகிசுக்கும்போது, எவன்ஸாக நீங்கள் வேல்ஸ் உச்சரிப்பில் உரத்து, பெருமையடித்து, பொய் சொல்லி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல் வற்றிப்போகிறீர்கள். பேசத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வதும் பேசத் தெரியாதவன் சாவதுமாகிய அந்த வழக்கின் கொடுமையை வசன எழுத்தாளரைவிட உங்கள் தொண்டையே அதிகம் விளக்கியது.

1979இன் 'ஏலியன்' பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செயற்கை மார்பு ஒன்றை மேசைமேல் பொருத்தி, தலையையும் கைகளையும் மட்டும் வெளியே நீட்டி, உடலை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டு, மார்பைப் பிளந்து வேற்றுக்கிரக உயிர் வெளிவரும்போது நீங்கள் துடித்துச் சாகும் காட்சி உலகறிந்தது. எட்டாண்டுகள் கழித்து 'ஸ்பேஸ்பால்ஸ்' நகைச்சுவைப் படத்தில் அதே சாவை நீங்களே கேலி செய்ததைத்தான் நான் அதிகம் ரசித்தேன்.

அனிமேஷன் பக்கம் வருகிறேன். 1978இன் 'வாட்டர்ஷிப் டவுன்' படத்தில் முயல்கூட்டத்தின் தலைவன் ஹேசல் உங்கள் குரலில் பேசியது. எல்லோரையும்விட வலுவானதாக இல்லாமலேயே பிறர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பதால் தலைமைக்கு வரும் முயல் அது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே கதை தொலைக்காட்சித் தொடரானபோது, கொடுங்கோலன் ஜெனரல் வூண்ட்வோர்ட்டுக்குக் குரல் கொடுத்ததும் நீங்களே. திரையிலும் இதே பாதையில் நடந்திருக்கிறீர்கள். 1984ஆம் ஆண்டிலேயே படமாக்கப்பட்ட 'நைன்டீன் எய்ட்டி-ஃபோர்' படத்தில் சர்வாதிகாரத்தால் நசுக்கப்பட்ட வின்ஸ்டன் ஸ்மித், 'வி ஃபார் வெண்டெட்டா'வில் பெருந்திரையிலிருந்து அதட்டும் சர்வாதிகாரி சட்லர். வேட்டையாடப்படுபவனின் மூச்சை அவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்ததால்தான் வேட்டைக்காரனின் அதட்டல் உங்களுக்கு அத்தனை பொருத்தமாக வாய்த்தது என்று நான் நம்புகிறேன்.

கதைசொல்லியாக நீங்கள் அமைந்த இடங்களில் 'டாக்வில்'லுக்கு ஈடில்லை. தரையில் சாக்கட்டிக் கோடுகள் கிழித்து வீடுகளும் தெருவும் என்று காட்டிய அந்தப் படத்தில், ஊர் மக்கள் செய்யும் அத்தனை அயோக்கியத்தனத்தையும் சிறுவர்களுக்குக் கதை சொல்லும் கனிவோடு விவரித்துக்கொண்டே போகிறீர்கள். ஓரிடத்திலும் குரலை உயர்த்திக் கண்டிக்கவில்லை, கேட்பவருக்குத்தான் கூசுகிறது. 1987இல் பிரிட்டன் அரசு எய்ட்ஸ் பற்றி வெளியிட்ட எச்சரிக்கை விளம்பரத்திலோ நேர்மாறான வேலை. கல்லறைக்கல்லில் உளி அந்த நோயின் பெயரைச் செதுக்க, பின்னால் ஒலித்த உங்கள் குரலில் கனிவுக்கு இடமே வைக்கவில்லை. தற்பாலினராகவே வெளிப்படையாக வாழ்ந்த க்வென்டின் கிரிஸ்ப்பை 1975இலேயே துணிந்து தொலைக்காட்சியில் நடித்துக் காட்டியவர் நீங்கள் என்பதால், அந்த விளம்பரத்தின் அச்சமூட்டும் தொனி எனக்கு இன்றும் சற்று நெருடுகிறது. அந்தத் தொனி தேவைப்பட்ட காலம் என்று சிலர் வாதிடுவார்கள். இருக்கலாம்.

பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டா நான்கு, 2015இல் சர் பட்டம், 'மெர்லின்' தொடரின் பாதாள டிராகன், 'டாக்டர் ஹூ' தொடரின் 'வார் டாக்டர்' என்று இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுச் சாமுவேல் பெக்கெட்டின் 'கிராப்ஸ் லாஸ்ட் டேப்' நாடகம் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கிராப் என்னும் 69 வயதுக் கிழவர் தம் 39ஆம் வயதில் ஒலிநாடாவில் பதிந்த பேச்சைப் போட்டுக் கேட்டு, எரிச்சலடைந்து, நிறுத்தி, மீண்டும் ஓடவிடுகிறார். மேடையில் வேறு ஆள் இல்லை. அட்டம் எகோயன் 2000இல் இதைப் படமாக்கியபோது, தன் பழைய குரலின் ஆணவத்தைக் கேட்டுக் கூனிக் குறுகும் முகமும் உங்களுடையது, அந்த ஆணவக் குரலும் உங்களுடையது. அப்போது உங்களுக்கு 60 வயது. கிராப் உங்களைவிட மூத்தவர். 2011 டிசம்பரில் புரூக்ளின் மேடையில் அதே நாற்காலியில் நீங்கள் மீண்டும் அமர்ந்தபோது கிராப் உங்களைவிட இரண்டு வயது இளையவராகியிருந்தார்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்