அண்ணா, எஞ்சினை இறக்கிவிட்டேன்

அண்ணா,

நேற்று அப்பாவின் வருஷத் திதி முடிந்தது. உன்னிடம் போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் நீ வண்டிக்கு வந்த விலையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். அதனால் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிக்கட்டும். அப்புறம் நான் மறைத்துச் செய்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அப்பாவின் பழைய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரை மின்சார வண்டியாக மாற்றுகிறேன். எஞ்சினை போன வாரமே செயின் பிளாக் போட்டு இறக்கியாயிற்று.

பதறாதே, கேள். பக்கத்து வீட்டுப் பையனை கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு எஞ்சின் முன்னால் இருக்கும் புல்லியைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னே தள்ளி வந்தது. எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் சம்பைக் கழற்றினால், கிராங்க் ஷாஃப்ட்டை முன்பின் நகராமல் பிடிக்கிற, கிளட்சை மிதிக்க மிதிக்கத் தேய்கிற த்ரஸ்ட் வாஷர் பிறை நிலா மாதிரி அடியில் கிடக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் எஞ்சின் பிளாக்கையே அரைத்திருக்கிறது. கிளட்ச்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே என்று அப்பா யாரிடம் சொல்வார்? என்னிடம் இல்லை. எனக்குச் சாவியே தந்ததில்லை.

மன்னித்துக்கொள். இதை எழுதியிருக்கக் கூடாது. ஆனால் அழிக்கவும் மனம் வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 2004-ல் உனக்கு பிளஸ் டூ பரீட்சை நடந்தபோது, ஒரு நாள் அப்பா என்னை நெல்லியாம்பதிக்குக் கூட்டிப்போனார். அன்றைக்குத்தான் முதல் தடவை, பின்னால் அந்த இடுக்கில் இல்லாமல், சீட்டில் உட்கார்ந்தேன். திரும்பி இறங்கும்போது, கீழே போத்துண்டி அணை தெரிகிற ஒரு வளைவில், அப்பா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டார். "இப்போ கேளு" என்றார்.

டயர் ரோட்டில் உரசும் சத்தம், சில்வண்டு, எங்கோ ஓடைத் தண்ணீர். கியர் குமிழின் மேல் அவர் கை, நகத்துக்குள் கிரீஸ். பவர் பிரேக் இல்லாத வண்டி, அதனால் எஞ்சின் அணைந்தும் மிதித்தால் பிடித்தது. இருந்தாலும் எஞ்சின் பிடி இல்லாமல் மலை இறங்கியது தப்புதான், அவருக்கும் தெரியும். "வீட்ல சொல்லாதே" என்றார். இத்தனை வருஷம் சொல்லவில்லை.

உனக்கு அந்த உறுமல்தான் வண்டி. எனக்கு அந்த வளைவில் கேட்ட அமைதிதான். மோட்டார் போட்டால் இறக்கத்தில் அதுவே ஜெனரேட்டராகி பேட்டரிக்குக் கரண்ட் அனுப்பும், வண்டியையும் இழுத்துப் பிடிக்கும். அப்பா தேடிய அமைதி, இந்தத் தடவை பிடியோடு.

சேசிஸில் ஒரு புது ஓட்டைகூடப் போடவில்லை. மோட்டாரைப் பழைய கியர்பாக்ஸோடு சேர்க்கும் அலுமினியத் தட்டை கோயம்புத்தூரில் கடைந்து வாங்கினேன். எஞ்சின் மவுண்ட் ஓட்டைகளிலேயே எல்லாம் நிற்கிறது. 3.2 வோல்ட் செல் 32, மொத்தம் சுமார் 102 வோல்ட். பாதி முன்னால், பாதி பெட்ரோல் டேங்க் இருந்த இடத்தில். 1147 சிசி எஞ்சினைக் கிரீஸ் தடவி, சாக்கு சுற்றி, மாட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். என்றைக்காவது நல்ல எஞ்சின் பிளாக் கிடைத்தால் நீ திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

விண்டேஜ் பதிவு பற்றி நீ சொன்னதும் சரிதான். 2021-ல் வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய வண்டி அசல் வடிவில் இருந்தால்தான் விண்டேஜ் பதிவு. அது போகும், விலையும் குறையும். உன் பங்கை நான் தருகிறேன், எவ்வளவு என்பது இங்கே வேண்டாம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மூன்று மாதமும் இங்கே வேண்டாம், பெரியம்மா படிப்பார். உனக்கு லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நீ போனில் கூப்பிட்டபோதெல்லாம் அப்பா என்னிடம், "அவன் சாப்பிட்டானா கேளு" என்றார். உன்னிடம் நான் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆர்.டி.ஓ. அனுமதி வரும்வரை தென்னந்தோப்புக்குள் மட்டும்தான் ஓட்டுவேன். ஆடியில் வருவதாகச் சொன்னாய். கொழிஞ்சாம்பாறையில் அப்போது காற்று எப்படி அடிக்கும் என்று தெரியுமே, மேலே இருக்கும் துணிக் கூரையை மடக்கி வைக்கிறேன். இடது பக்க சீட்டுக்கு உறை மாற்றவில்லை, நீ பேனாவால் கிழித்த இடம் அப்படியே இருக்கிறது. வந்து உட்கார். நான் ஓட்டுகிறேன்.