எந்த மாதம் உனக்கு லேசான மாதம்?

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்ல வரவில்லை. "வருஷம் எங்க போச்சுன்னே தெரியலம்மா, எல்லா வாரமும் ஒரே மாதிரி இருக்கு" என்றாய். பக்கத்தில் இருந்த அப்பா, ரெண்டு நாள் லீவு போடச் சொல் என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. லீவில் தீருகிற விஷயமாக எனக்குப் படவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மீட்டிங் நடுவில் படிக்காதே.

உங்கள் ஆபீஸ் நடைமுறை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட் என்று வேலையைத் துண்டு போடுவது, தினமும் காலையில் ஸ்டாண்டப் என்று ஒரு சின்ன மீட்டிங், கடைசி நாளில் முடித்ததைக் காட்டிவிட்டு, முடியாததை அடுத்த ஸ்பிரின்டில் தள்ளுவது. ஜனவரியிலும் அதே ரெண்டு வாரம், ஆகஸ்டிலும் அதே ரெண்டு வாரம். வெளியே டப்ளினில் பனி விழுகிறதா, நாலு மணிக்கே இருட்டுகிறதா என்பது உள்ளே யாருக்கும் தேவையில்லை. இப்படி ஒரே உயரத்தில் அடுக்கி வைத்த வாரங்களில் எதை எதிலிருந்து பிரித்து ஞாபகம் வைப்பாய்?

நான் வேலை பார்த்த வருவாய்த் துறையில் ஒரே மேஜையில் நாலு காலண்டர் ஓடும். தற்செயல் விடுப்பு ஜனவரி கணக்கு. பணம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். நிலம் பசலி கணக்கு: ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஆங்கில வருடத்தில் 590-ஐக் கழித்துக்கொள், 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. முகலாயர் காலத்து அறுவடைக் கணக்கு அது, வெள்ளைக்காரன் வந்து போயும் நின்றுபோகவில்லை. நாலாவது, மனு கொடுக்க வருகிறவர்களின் காலண்டர். "ஆடிக்கு முன்னாடி பட்டா மாத்திக் குடுத்துடுங்கம்மா" என்பார்கள். அவர்களிடம் போய் வேலை நாள் கணக்கு சொல்ல முடியாது.

இந்த நாலும் ஒன்றோடொன்று பொருந்தாததால்தான் வருடத்துக்கு மேடும் பள்ளமும் இருந்தது. மார்ச் கடைசி வாரம் கருவூலத்தில் நிற்க இடம் இருக்காது. ஒதுக்கிய பணத்தை 31-ஆம் தேதிக்குள் எடுக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். ஜூன் வந்தால் பள்ளிக்கூடம் திறக்கும், சாதிச் சான்று, வருமானச் சான்று என்று வாசல்வரை கூட்டம். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வானத்தைப் பார்த்தே பிழைப்பு. ஆனால் ஆகஸ்ட், செப்டம்பர் லேசாக இருக்கும். அந்த நாட்களில் முடிந்த கோப்புகளைக் கட்டி ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புவோம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு, வந்த தபாலைப் பதிகிற தன்பதிவேடு எழுதுவது எப்படி, எந்தத் தபாலை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்போம். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் டீ குடித்துக்கொண்டு அரட்டை அடிப்பது போலத்தான் இருக்கும், அரட்டையும் இருந்தது. ஆனால் நவம்பரில் வெள்ளம் வரும்போது அந்தப் புதுப் பையன் தனியாக ஒரு குறுவட்டத்தை, அதாவது பல கிராமங்களை, பார்த்துக்கொண்டான் என்றால் அது ஆகஸ்டில் கற்றது.

உனக்கு ஆகஸ்ட் எது என்று யோசித்துப் பார். உன் வேலையில் அப்படி ஒன்று இருப்பதாகவே நீ சொல்லிக் கேட்டதில்லை.

ஜமாபந்தியைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் தெரிந்ததெல்லாம், அம்மா ராத்திரி லேட்டாக வருவாள் என்பதுதான். கிராமக் கணக்குகளை வருடத்துக்கு ஒருமுறை சரிபார்த்து மூடுகிற வேலை அது, மே, ஜூனில் தாலுகா தாலுகாவாக நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு குறுவட்டம். வி.ஏ.ஓ.க்கள் அடங்கல், சிட்டா, அ-பதிவேடு என்று கிராமக் கணக்கு மொத்தத்தையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஜமாபந்தி அலுவலர் பக்கம் பக்கமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நில அளவைச் சங்கிலியைக்கூட எடுத்து நீட்டிப் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் ஜனங்கள் மனுவோடு வரிசையில் நிற்பார்கள். கடைசி நாளில் ஜனங்களைக் கூட்டி நடத்துகிற குடிகள் மாநாடு. அதோடு அந்தப் பசலியின் கணக்கு முடிந்தது. மிச்சம் மீதி இருக்கும்தான், இல்லாத ஆபீஸ் எது? ஆனால் இத்தனை பேர் கண்முன்னால் ஒரு வருடத்தை மூடி, மேலே கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பது உடம்புக்கே தெரியும். அன்றைக்கு ராத்திரி வருகிற தூக்கம் வேறு மாதிரி இருக்கும். உங்கள் வேலையில் முடிந்தது என்று ஒன்று இருக்கிறதா? ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை முடிகிற ஒன்று, என் கணக்கில், முடிவதே இல்லை.

அப்புறம் பேரிடர் காலம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. அதற்கு அப்புறம் எத்தனை நாள் கிழமை தெரியாமல் ஓடினோம் என்பது எங்கள் ஆட்கள் யாருக்கும் நினைவில்லை. தேவனாம்பட்டினம் மட்டும் நினைவிருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறி, பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்துவிட்டுப் போனது. கணக்கெடுப்பு, பட்டியல், நிவாரணம் என்று ஆபீஸ் தன் வேகத்தில் ஓடி, கோப்பையும் மூடியது. ஆனால் நட்ட பலாக்கன்று காய்க்கப் பல வருடம் ஆகும். கோப்பு மூடிய பிறகும் அந்தத் தோட்டக்காரருக்குப் புயல் முடியவில்லை. ரெண்டுமே காலம்தான், எங்கள் பதிவேட்டில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

நான் எங்கள் ஆபீஸைப் புகழ்ந்துகொண்டே போனால் நீ சிரிப்பாய். சரி, அடுத்த பக்கத்தையும் சொல்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குக் காட்டுமன்னார்கோவிலில் இருந்தெல்லாம் விடியற்காலை பஸ் பிடித்து வருவார்கள். வருகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. மனுவில் ஒரு எண் போட்டு, சம்பந்தப்பட்ட பிரிவுக்குப் போகும். பிறகு நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு ரெண்டு. பிரிவில் இருப்பவருக்கு அது நிலுவைப் பட்டியலில் ஒரு வரி. முதியோர் உதவித்தொகைக்குக் காத்திருக்கும் கிழவிக்கு அது மூணு மாத அரிசி. காத்திருப்பது எப்போதும் மேலிருந்து கீழேதான் இறங்கும். ஒருவர் எவ்வளவு பெரியவர் என்று அறைக் கதவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், அவருக்காக வெளியே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

இதை உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வருடம் உனக்குக் கீழே ஆட்கள் வந்திருக்கிறார்கள். உனக்கு நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் நீ ஒரு சம்மதம் சொல்லத் தள்ளிப்போட்டால், சென்னையிலோ மணிலாவிலோ ஒரு பெண் ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உன் மத்தியான சாப்பாட்டு நேரம் அவளுடைய தூக்கத்தில் இருந்து வருகிறது. அவளும் அவள் அம்மாவிடம், வருஷம் எங்கே போச்சு என்று கேட்டுக்கொண்டிருக்கலாம்.

உன் அப்பாவழித் தாத்தா புதுச்சேரியில் மில் சங்குக்கு நடுவில் வளர்ந்தவர். சங்கு ஊதினால் உள்ளே, ஊதினால் வெளியே. அந்தச் சங்கு ஒரு காலத்தில் பத்து மணி நேரம் தாண்டியும் ஊதாமல் இருந்திருக்கிறது. 1936 ஜூலை 30-ஆம் தேதி மில் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை அங்கே வந்தது. சாயங்காலம் தானாக வந்து சேரவில்லை என்று தாத்தா ஜூலை மாதம் வந்தாலே சொல்லுவார். உங்களுக்குச் சங்கும் இல்லை, கேட்கிற யூனியனும் இல்லை. போன் ஒன்றுதான் இருக்கிறது, அது எப்போது வேண்டுமானாலும் ஊதும்.

அதனால் வேலையை விட்டு வா என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் நீ கேட்க மாட்டாய். உன் மேலாளரிடம் வருடத்தில் எந்த ரெண்டு ஸ்பிரின்ட் வெற்றாக இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கு. புது வேலை எதுவும் எடுக்காமல், பழசைக் கட்டி வைக்கவும் கற்றுக்கொடுக்கவும் மட்டும். கேட்டால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று பயப்படாதே. ரெக்கார்டு ரூம் இல்லாத ஆபீஸில் எந்த வேலையையும் ரெண்டு தடவை செய்ய வேண்டிவரும் என்று கணக்குப் போட்டுக் காட்டு. வருடத்துக்கு ஒரு தடவையாவது எல்லோரும் உட்கார்ந்து முடிந்ததை முடிந்ததாக எழுதி மூடுங்கள். அதற்கு ஜமாபந்தி என்று பெயர் வைத்தால் அங்கே யாருக்கும் புரியாது, நீயே ஒரு பெயர் வை.

அக்டோபர் கடைசி ஞாயிறு உங்கள் ஊரில் கடிகாரத்தைத் திருப்புவார்கள் இல்லையா, அதிலிருந்து நீ வழக்கமாகப் பேசுகிற நேரம் இங்கே ஒரு மணி நேரம் பிந்திவிடும். அப்பா மாத்திரை போட்டுத் தூங்கிவிடுகிறார். சனிக்கிழமை காலை பேசு.

ஜூனில் வருவதாக இருந்தால் தேதியைச் சீக்கிரம் முடிவு செய், பலாப்பழம் இருக்கும்போதே வா. லேப்டாப் எடுத்து வருகிறாயா இல்லையா என்பதையும் இப்போதே சொல்லிவிடு. மாடி ரூமுக்கு இன்வெர்ட்டர் லைன் இன்னும் இழுக்கவில்லை. நீ எடுத்து வருவதாக இருந்தால்தான் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

அன்புடன்,
அம்மா